காணாமல் போன கடைசி வரி

தம்பி,

நீளமான கடிதம் என்றதும் அறிவுரை வரப்போகிறது என்று மூடி வைத்துவிடாதே. கொஞ்சம் வரும்தான், மறுக்கவில்லை. அடுத்த மாதம் கல்யாணம் செய்துகொண்டு புது வீட்டுக்குப் போகப்போகிற மகனுக்கு அம்மா எழுதினால் அது இல்லாமல் இருக்குமா? ஆனால் நான் உட்கார்ந்து எழுதுவது அதற்காக இல்லை. உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நேரில் இரண்டு முறை ஆரம்பித்தேன். முதல் முறை நீ மண்டபத்துக்காரருடன் போனில் பேசப் போய்விட்டாய். இரண்டாவது முறை நானே பயந்து, வாழையிலைச் சாப்பாடா பஃபேயா என்று பேச்சை மாற்றிவிட்டேன். எழுத்து என்றால் யாரும் நடுவில் எழுந்து போக முடியாது, நான் உட்பட.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அம்மா சும்மா வீட்டில் சீரியல் பார்க்கிறாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். கடந்த ஏழு வாரமாக நான் கிறுக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கிறுக்கலை நீ மறந்திருக்க மாட்டாய். நீ தொடக்கப்பள்ளியில் படித்த காலத்தில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஜமீலா அக்காவுக்காக நான் எழுதிக் கொடுத்த சின்ன எடிட்டர் ப்ரோக்ராம். அப்போதெல்லாம் ஒவ்வொரு அச்சகத்துக்கும் ஒரு தமிழ் ஃபாண்ட். ஒருவர் டைப் செய்ததை இன்னொருவர் திறந்தால் பூச்சி பறப்பதுபோல் ஏதேதோ தெரியும். வந்த எழுத்து எந்த ஃபாண்டில் இருந்தாலும் படித்து, திருத்தி, அச்சுக்கு அனுப்ப ஒரு கருவி வேண்டும் என்று அக்கா கேட்டார். ஆபீஸ் இல்லாத சனி, ஞாயிறுகளில் எழுதினேன். உன் அப்பா திரையை எட்டிப் பார்த்து, “என்ன இது, ஒரே கிறுக்கலா இருக்கு?” என்றார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

முதலில் எழுதியது நன்றாகத்தான் இருந்தது. பிறகு அக்கா ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். பார்டர் வேண்டும், பெயர்களை நடுவில் நிறுத்த வேண்டும், பழைய ஃபாண்டில் வந்தால் ஒரு விதமாகவும் புதியதில் வந்தால் வேறு விதமாகவும் சேமிக்க வேண்டும். கேட்டதையெல்லாம் பழையதைத் தொடாமல் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டே போனேன். சேவ் செய்வதற்கு மட்டும் மூன்று இடத்தில் கோட் இருந்தது. சாதாரண சேவ், பழைய ஃபாண்ட் சேவ், பத்திரிகைகளுக்கு மட்டும் கார்டு சேவ். எதைத் தொட்டால் எது அசையும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, தம்பி. ஆபீசில் நான் சோதித்துக் கொடுத்த எந்த சாஃப்ட்வேரிலும் என் பெயர் வந்ததில்லை. கூட்டத்தில் நான் சொன்ன யோசனையை வேறு யாராவது மறுபடி சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொள்வார்கள். கிறுக்கல் மட்டும் முழுக்க என்னுடையது. நான் இல்லாமல் அது ஓடாது என்பது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

நீ கட்டாய ராணுவச் சேவையை முடித்துவிட்டு யூனிவர்சிட்டியில் கம்ப்யூட்டிங் சேர்ந்தாய். முதல் வருட விடுமுறையில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிறுக்கலின் கோடைப் படித்தாய். உனக்கு இருபத்தொரு வயது, கண்ணெல்லாம் ஆர்வம். “அம்மா, மூணு சேவ் எதுக்கும்மா? ஒண்ணு போதும்லா. ஒரே விஷயத்தை மூணு இடத்துல எழுதி வச்சா, ஒரு நாள் மூணும் மூணு மாதிரி ஆயிடும்” என்றாய். எனக்குச் சுருக்கென்றது. “ஓடிட்டுதானே இருக்கு? விடு. ஒரு வருஷம் படிச்சதும் அம்மாவுக்கே பாடமா?” என்றேன். நீ சிரித்துவிட்டு, “சரி, சேவ்ல கை வைக்கல. சர்ச் மட்டும் ஸ்லோவா இருக்கு, அதை மாத்தவா?” என்று கேட்டாய். போனால் போகிறது என்று விட்டேன். இரண்டு நாளில் தேடும் வேகத்தைப் பல மடங்கு கூட்டிவிட்டாய். அதற்கும் நான் பாராட்டவில்லை, “ம்” என்றேன். அந்த “ம்” இப்போதுகூட என் காதில் கேட்கிறது.

அதற்கு அடுத்த வாரம்தான் சித்தி மகளின் கல்யாணப் பத்திரிகை. தங்கை வீட்டு விசேஷம் என்பதால் அக்காவின் கடையில் டைப் செய்ய விடாமல், வீட்டிலேயே கிறுக்கலில் நானே டைப் செய்தேன். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தாள். கடைசி வரியில் தாய்மாமன் என்று போட்டு, உன் மாமாவின் பெயரும் குடும்பமும், அவர்கள் இருக்கும் உட்லண்ட்ஸும். சேவ் செய்து பென்டிரைவில் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். அடித்து வந்த கட்டு, உறையில் போட்டு மஞ்சள் தடவி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. யாரும் பிரித்துக் கடைசி வரை படிக்கவில்லை. படித்த ஒரே ஆள் உன் மாமா.

சித்தி வீட்டில் நலுங்குக்கு எல்லாரும் கூடியிருந்தோம். நாற்பது பேராவது இருப்பார்கள். மாமா பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார். “என் பேரு எங்க? தாய்மாமன்னு ஒருத்தன் உயிரோட இருக்கேனா இல்லையா?” என்று கேட்டார். மண்டபம் பிடிப்பதில் அவருக்கும் சித்தப்பாவுக்கும் முன்பே ஒரு சின்ன மனஸ்தாபம். வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். “அண்ணே, ஸ்க்ரீன்ல இருந்துச்சுண்ணே, நானே பார்த்தேன்” என்று சித்தி அழுதாள். எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “போன மாசம் இவன்தான் ப்ரோக்ராம்ல கை வச்சான். நான் வேணாம்னுதான் சொன்னேன்” என்று உன்னைக் காட்டினேன். நீ காப்பித் தட்டோடு நின்றிருந்தாய். தட்டைக் கீழே வைத்துவிட்டு மாமாவின் முன்னால் வந்து, “சாரி மாமா” என்றாய். 

கல்யாணத்துக்கு மாமா வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிடாமல் போனார். தாய்மாமன் செய்ய வேண்டிய சீரைச் செய்தார், ஆனால் முகம் கொடுக்கவில்லை. இரண்டு தீபாவளிக்கு நம் வீட்டுப் படி ஏறவில்லை. பிறகு மெல்லச் சரியானது. சரியானதும் அந்தக் கோபம் கேலியாக மாறியது. எந்த விசேஷத்திலும் உன்னிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் யாராவது ஒருவர், “தம்பிகிட்ட கொடுத்தா கடைசி வரி காணாமப் போயிடும்லா” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். நானும் சிரித்தேன். ஏழெட்டு வருடம் சிரித்திருக்கிறேன்.

அடுத்த செமஸ்டரில் நீ கம்ப்யூட்டிங்கை விட்டு சிவில் இன்ஜினியரிங்குக்கு மாறினாய். “இது எனக்கு செட் ஆகலம்மா” என்றாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. அப்பா கேட்டதற்கும் அதே பதில். இன்றைக்கு உனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது, நல்ல பெயரும் இருக்கிறது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவதற்கு முன்னால் நீ மூன்று முறை படிப்பதை நான் பார்க்கிறேன். கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பதையும் பார்க்கிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள்கூட அன்றைக்கு என்னிடம் கேட்டாள், “ஆன்ட்டி, இவர் ஏன் எல்லாத்தையும் திரும்பத் திரும்ப செக் பண்றாரு?” என்று. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று சொன்னேன். பொய். சின்ன வயதில் நீ வீட்டுப்பாட நோட்டைக்கூட வீட்டில் மறந்துவிட்டுப் போகிற ஆள்.

இனி நல்ல செய்திக்கு வருகிறேன். ஜமீலா அக்கா கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். கிறுக்கல் அதில் ஓட மறுத்தது. “உன் மகன் பத்திரிகையை வேற எதுலயாச்சும் அடிக்கச் சொல்றியா? எனக்கு மனசு வரலம்மா. இதைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடேன்” என்றார். திறந்து பார்த்தேன். நானே எழுதியது எனக்கே புரியவில்லை. இருபது வருடத்து ஒட்டுவேலை. அதற்கு மேல் இன்னும் ஒன்றை ஒட்ட எனக்குத் தெம்பில்லை. காலையில் உன் அப்பா ஆங் மோ கியோ சந்தைக்குப் போனதும் உட்காருவேன், அவர் மீனோடு திரும்பி வரும்வரை. ஒரு நாளைக்குக் கோடில் ஒரு ஃபங்ஷன். எதற்கும் பயன்படாத கோடெல்லாம் இருந்தது, அழித்தேன். ஒரே வேலையை நான்கு பெயரில் செய்துகொண்டிருந்தவற்றை ஒன்றாக்கினேன். யாரும் இப்போது பயன்படுத்தாத ஃபாண்டுகளைத் தூக்கினேன். முதல் வாரம் எதை அழித்தாலும் முன்னால் அதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் அழிக்க எதுவும் இல்லாத நாள் ஏமாற்றமாக இருந்தது. வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்துவிட்டு ஜன்னலைத் திறந்தது போலிருந்தது. உன் அப்பா, “என்ன, முகம் தெளிவா இருக்கு? லாட்டரி விழுந்துச்சா?” என்று கேட்டார். முன்பிருந்ததில் பாதிகூட இப்போது இல்லை. முன்பு செய்ததில் அக்காவுக்குத் தேவையான எதையும் அது செய்யாமலும் இல்லை.

ஐந்தாவது வாரம் சேவுக்கு வந்தேன். நீ சொன்னபடி மூன்றையும் ஒன்றாக்கினேன். பத்து வருடம் கழித்து, உன்னிடம் சொல்லாமல். இப்படி மாற்றும்போது ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒரே எழுத்தைப் பழைய ப்ரோக்ராமிலும் புதியதிலும் கொடுத்து, இரண்டும் ஒரே மாதிரி ஃபைலைத் தருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். தந்தால்தான் எதையும் உடைக்கவில்லை என்று அர்த்தம். சோதனைக்கு எதை டைப் செய்வது என்று யோசித்து, உன் கல்யாணப் பத்திரிகையையே டைப் செய்தேன். பழைய மடிக்கணினியில் ஒன்று, புதியதில் ஒன்று. ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றாக இல்லை. புதியதில் ஒரு வரி அதிகம் என்று வந்தது. என்னடா இது, எங்கே சொதப்பினேன் என்று புதிய கோடை ஒரு மணி நேரம் குடைந்தேன். பிறகுதான் ஃபைல்களையே திறந்து பார்த்தேன். புதியதில் அதிகம் இல்லை. பழையதில்தான் ஒரு வரி குறைவு. கடைசி வரி. தாய்மாமன் என்று தொடங்கி, உன் மாமாவின் பெயர்.

அந்தப் பழைய மடிக்கணினியில் இருந்தது நீ தொட்ட கிறுக்கல் இல்லை, தம்பி. நலுங்கு முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு நீ எழுதியதை நான் எடுத்துப் போட்டுவிட்டேன். உன் கோடு ஒரு வரிகூட அதில் இல்லை. அப்படியிருந்தும் அது கடைசி வரியை விழுங்கியது. ஏன் என்று தேட ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. கார்டு சேவ், எண்டர் தட்டிய இடம் வரும்போதெல்லாம் அதுவரை வந்ததை ஒரு வரியாக ஃபைலில் எழுதும். கடைசி வரிக்குப் பிறகு யாரும் எண்டர் தட்டாவிட்டால் என்ன ஆகும்? அதற்காக ஆரம்பத்தில் நானே கடைசியில் ஒரு எண்டரைச் சேர்த்திருந்தேன். ஜமீலா அக்காவுக்கு எதை டைப் செய்தாலும் முடிவில் எண்டரைத் தட்டிவிடும் பழக்கம். அவருடையதும் என்னுடையதும் சேர்ந்து பத்திரிகையின் அடியில் ஒரு வெற்று வரி விழுந்தது. பிள்ளையார் படம் மேலே ஏறிவிடுகிறது என்று அவர் குறை சொன்னார். நான் சேர்த்ததை நானே எடுத்தேன். எடுத்த இடத்தில் என் பெயரின் முதல் எழுத்தும் தேதியும் குறித்து வைத்திருக்கிறேன். நீ தேடும் பகுதியை மாற்றுவதற்கு மூன்று வருடம் முந்தைய தேதி. அதன் பிறகு அக்கா டைப் செய்த எல்லாப் பத்திரிகையும் அவர் தட்டும் எண்டரால் பிழைத்தது. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நானே உட்கார்ந்து டைப் செய்த ஒரே பத்திரிகை சித்தி மகளுடையது. அதற்குப் பிறகு பயத்தில் எந்தப் பத்திரிகையையும் நான் டைப் செய்யவில்லை. அதனால் தவறும் திரும்ப வரவில்லை. உன் கோடை எடுத்ததால்தான் சரியானது என்று நானும் நம்பிக்கொண்டேன்.

நம்பினேன் என்று எழுதிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இரண்டு வரி டைப் செய்து சோதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இருபது வருடமாக அடுத்தவர்களின் கோடைச் சோதிப்பதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். சோதிக்கவில்லை. சோதித்தால் என்ன வரும் என்று உள்ளே எங்கேயோ ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். நாற்பது பேருக்கு முன்னால் என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள என் பிள்ளையைக் காட்டினேன், பிறகு அது சரிதானா என்று பார்க்காமலே இருந்துவிட்டேன். இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் என்று சொன்னால் நல்லவள் மாதிரி இருக்கும். ஆனால் முதலில் வந்தது நிம்மதி. அப்படி ஒரு நிம்மதி. என் பிள்ளை செய்யவில்லை என்று சமையலறையில் நின்று சத்தமாகச் சொன்னேன். மீன் பையோடு உள்ளே வந்த உன் அப்பா, யாரோடு பேசுகிறேன் என்று திகைத்து நின்றார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பையைத் தொட்டியில் வைத்துவிட்டு, “சரி, இப்ப யாருக்கெல்லாம் சொல்லப் போற?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் உட்லண்ட்ஸுக்குப் போனேன். போன் செய்யாமல் வந்து நிற்கிற தங்கையைப் பார்த்து மாமா பதறிவிட்டார். “என்னம்மா, யாருக்கும் உடம்பு சரியில்லையா?” என்றார். “எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்கண்ணே” என்று உட்கார்ந்து ஆரம்பித்தேன். அவருக்கு எண்டரும் புரியாது, ஃபைலும் புரியாது. “அதெல்லாம் விடு. அவன் பண்ணலையா?” என்றார். “இல்லண்ணே. நான்தான்.”  “நான் அவனை எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கேன். நீயும் கூட உட்கார்ந்து சிரிச்சேல்ல?” என்றார். சிரித்தேன் என்றேன். “என்கிட்ட மட்டும் வந்து சொன்னா எப்படி? அன்னைக்கு எல்லார் முன்னாடியும்தானே அவனைக் காட்டின?” “அவன் கல்யாணத்துல மைக்கைப் பிடிச்சுச் சொல்லிடவாண்ணே?” என்று கேட்டேன். “ஐயோ, வேணாம்லா. அது அவனோட நாளு. அதுக்கு முன்னாடியே சொல்லி முடிச்சிடு” என்றார். கிளம்பும்போது எம்ஆர்டி ரயில் நிலையம் வரை கூடவே நடந்து வந்தார். பத்து வருடத்தில் அவர் என்னோடு அப்படி நடந்து வந்தது இல்லை.

அறிவுரை கொஞ்சம் வரும் என்றேன், இதோ. கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் இருவருக்கும் சண்டை வரும், வராமல் இருக்காது. சண்டையை ஆற வைக்கிறேன் என்று மேலே எதையாவது ஒட்டிவிட்டு நகர்ந்துவிடாதே. பிரித்துப் பார், யார் செய்தது என்று அன்றைக்கே பார். நீ செய்ததாக இருந்தால் அன்றைக்கே சொல். நீ செய்யாததாக இருந்தால் தட்டைக் கீழே வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கப் போகாதே. இந்த இரண்டாவதை உனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவள் நான், அதற்கு நேர் எதிரானதைக் கற்றுக்கொடுத்துவிட்டேன். உன் மனைவியாகப் போகிறவள் நியாயமானவள் போலத் தெரிகிறாள். அவளிடமாவது பழகிக்கொள்.

இந்தக் கடிதத்தை இன்று காலை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். சித்தி, சித்தப்பா, உட்லண்ட்ஸ் மாமா, அன்றைக்கு நலுங்கில் இருந்த அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். இந்தக் குழுவை நீ எப்போதோ மியூட் செய்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும், அதனால் உனக்குத் தனியாக மத்தியானம் அனுப்புகிறேன். உன்னிடம் முதலில் காட்டியிருந்தால் “வேணாம்மா, பழைய கதை, எதுக்கு” என்று தடுத்திருப்பாய். நானும் அதைச் சாக்காக வைத்து நின்றிருப்பேன். நீ இந்த இடத்துக்கு வரும்போது அவர்கள் எல்லாரும் படித்து முடித்திருப்பார்கள்.

நீ அதைச் செய்யவில்லை. நான்தான் செய்தேன். உனக்கு வழக்கமாக வரும் பதில் எனக்குத் தெரியும், “பரவால்லம்மா”. அதை மட்டும் இன்றைக்கு அனுப்பாதே, தம்பி. கோபம் வந்தால் கோபப்படு. வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கத்து. நான் எங்கேயும் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறேன்.

அம்மா